17 கதிரைகளும் ஒரு திங்கள் இரவும்

அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் இசைக்குழு 1963ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் செலவில் டமாஸ்கஸ், காபூல், டெல்லி, சென்னை என்று ஊர் ஊராக வாசித்துவந்த பயணத்தில் கொழும்பும் ஒரு தரிப்பிடமாக இருந்தது. கென்னடி கொலையுண்ட செய்தியோடு அந்தப் பயணம் துருக்கியில் இடைநடுவே முறிந்தது. பின்னர் எலிங்டனும் அவரோடு எழுதிவந்த பில்லி ஸ்ட்ரேஹோர்னும் அந்தப் பயணத்தின் நினைவில் 9 பகுதிகள் கொண்ட ஓர் இசைத் தொகுதியை வெளியிட்டார்கள். அதில் டெல்லியின் மைனா இருக்கிறது, ஆக்ரா இருக்கிறது, ஈரானின் இஸ்பஹான் இருக்கிறது. அடுத்த பயணத்தில் பார்த்த ஜப்பான்கூட இருக்கிறது. இலங்கையின் பெயரில் ஒரு பகுதியும் இல்லை. சென்னையின் பெயரிலும் இல்லை என்பதால் நாம் தனித்து மனத்தாங்கல் கொள்ள வேண்டியதில்லை. அதற்கு 5 ஆண்டுகள் முன்பு, 1958இல், ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக்கின் நால்வர் குழுவும் இதேபோன்ற பயணம் ஒன்றில் இலங்கைக்கு வந்து போயிருந்தது.

வந்து போனவர்களின் பட்டியலை வைத்து ஒரு நகரத்தின் ஜாஸ் வரலாற்றை எழுதுவது நம் பத்திரிகைகளுக்குப் பழகிப்போன வேலை. ஆனால் நவீன ஜாஸ் ஒரு மரபாகத் தொடர்வது அப்படி வந்து போகிறவர்களால் நடப்பதில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பெயர் தெரியாத எத்தனையோ ஊர்களில் ஆசிரியர்களும் கணக்காளர்களும் ஓய்வுபெற்ற இராணுவ வாத்தியக்காரர்களும் வாரத்தில் ஒரு குறித்த இரவு ஒரு பாடசாலை மண்டபத்திலோ தேவாலயக் கூடத்திலோ கூடி, 60, 70 ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட கடினமான இசைத் தாள்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்களே, அந்த உள்ளூர் பிக் பாண்டுகளால்தான் பெரும்பகுதி நடக்கிறது. அது எப்படி இயங்குகிறது என்பதை விளங்கிக்கொண்டால், கொழும்பில் அது ஏன் இத்தனை கடினம் என்பதும் விளங்கும்.

பிக் பாண்ட் என்பது ஏறத்தாழ 17 பேர் கொண்ட அமைப்பு. 5 சாக்ஸபோன்கள், 4 ட்ரம்பெட்டுகள், 4 ட்ரொம்போன்கள், அவற்றுக்குப் பின்னால் பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ் ஆகிய நான்கும் சேர்ந்த தாளப் பிரிவு. சாக்ஸபோன்காரர்கள் புல்லாங்குழலையும் கிளாரினெட்டையும் கூடவே கொண்டுவர வேண்டியிருக்கும். இந்தப் பிரிவுகளை ஒன்றோடொன்று கேள்வி பதிலாகப் பேசவிடும் முறையை 1920களில் பிளெட்சர் ஹென்டர்சனும் டான் ரெட்மனும் உருவாக்கினார்கள். நம் கோயில் திருவிழாக்களில் கூட்டு மேளம் கேட்டவர்களுக்குப் பல நாதஸ்வரங்கள் ஒருமித்து எழும்பும் கனதி புதிதல்ல. ஆனால் கூட்டு மேளத்தில் எல்லோரும் ஒரே பாட்டை வாசிக்கிறார்கள். பிக் பாண்டில் 13 ஊதுகருவிகளும் ஒரே கணத்தில் ஒரே தாளச் சொற்கட்டை வெவ்வேறு சுரங்களில் ஊதும். ஒவ்வொருவர் கையிலும் இருப்பது தனியாக வாசித்தால் பாட்டென்றே தோன்றாத ஒரு துண்டு. மூன்றாவது ட்ரொம்போன்காரர் வராவிட்டால் பாட்டு நின்றுவிடாது. ஆனால் சுரக்கூட்டின் நிறம் மாறிவிடும். கேட்பவருக்கு என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாது, ஏதோ குறைகிறது என்பது மட்டும் தெரியும்.

நம் தமிழ்க் காதுக்கு இந்த ஒலி அந்நியமில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1964இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த ‘அவளுக்கென்ன’ பாடலின் ஒலிப்பதிவுக் காட்சியில் ஊதுகருவிகள் ஓரணியாக எழுந்து அடங்குவதை இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்த தலைமுறை மனப்பாடமாகவே வைத்திருக்கிறது. அதன் பெயர் பிக் பாண்ட் எழுத்துமுறை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த அமைப்பு முதலில் நடனத்துக்காக உருவானது. 1930களில் அமெரிக்காவின் நடன மண்டபங்கள்தான் அதற்குச் சோறு போட்டன. 1942இல் வாத்தியக்காரர் சங்கம் இசைத்தட்டுப் பதிவை நிறுத்தியது. போர் ஆட்களை இழுத்துக்கொண்டது. 1944இல் நடனமும் பாட்டும் நடக்கும் விடுதிகள் மீது முதலில் 30 வீதமாக விதித்துப் பின்னர் 20 வீதமாகக் குறைத்த வரி, மண்டபக்காரர்களை நால்வர் ஐவர் குழுக்களை நோக்கித் தள்ளியது. 1946 டிசம்பரில் மட்டும் முன்னணிப் பெருங்குழுக்கள் பல ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. அதே காலத்தில் பீபொப் எனும் புதிய ஜாஸ் சிறு குழுக்களில் பிறந்துவிட்டது. இனி 17 பேரைக் கூட்டி வைத்திருப்பதற்கு வருமானம் ஒரு காரணமாக இருக்க முடியாது என்ற நிலை வந்தபோதுதான், நடனத்திலிருந்து விடுபட்டு உட்கார்ந்து கேட்பதற்காக எழுதப்படும் நவீன பிக் பாண்ட் இசை தொடங்குகிறது. பணம் போன பிறகே கலை முழுமையாக வந்தது என்பது கொஞ்சம் கசப்பான கணக்கு.

அந்தத் திருப்பத்தில் நிற்பவர் பெருங்குழுத் தலைவர் ஸ்டான் கென்டன். கலிபோர்னியாவின் பல்போவா கடற்கரை நடன மண்டபம் ஒன்றில் 1941இல் தொடங்கிய அவர், 1950இல் தந்திக் கருவிகளையும் சேர்த்து ஏறத்தாழ 40 பேரோடு ஊர் சுற்றி நட்டப்பட்டார். அவருடைய இசையில் ஆரவாரம் மிகுதி என்பது பழைய குற்றச்சாட்டு. எனக்கும் அதில் பாதி உடன்பாடுதான். ஆனால் அவர் செய்த இரண்டு காரியங்கள் உள்ளூர்க் குழுக்களின் வரலாற்றையே மாற்றின. முதலாவது, 1959 முதல் கோடை முகாம்கள் நடத்தி, மாணவர்களைத் தம் வாத்தியக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்பித்தார். இரண்டாவது, தாம் இறந்த பிறகு தம் பெயரில் எந்தக் குழுவும் சுற்றித் திரியக்கூடாது என்று கூறிவிட்டு, தம் அரேஞ்ச்மென்ட்களை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் பாகம் பிரித்து எழுதிய தாள்களை, எல்லாம் வட டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச்சென்றார். 1947லேயே நடன இசைக்குழு வாசிப்பைப் பட்டப் பாடமாக்கிய இடம் அது. 1979இல் கென்டன் மறைந்தார். பெயர்ப்பலகைக்கு வாரிசு இல்லை. தாள்கள் மட்டும் எஞ்சின. அவற்றை வாசிக்கக்கூடிய எந்த ஊர்க் குழுவும் வாரிசாகலாம் என்ற நிலை அதனால் உண்டானது.

அடுத்த கதை நியூயோர்க்கில் நடக்கிறது. பியானோ கலைஞர் கவுன்ட் பேஸி நடத்திய பெருங்குழுவில் 1954 முதல் 1963 வரை ட்ரம்பெட் வாசித்த தாட் ஜோன்ஸ், பின்னர் பேஸி கேட்டதன் பேரில் ஒரு தொகுதி அரேஞ்ச்மென்ட்களை எழுதினார். அவை தம் குழுவின் போக்குக்குப் பொருந்தவில்லை என்று பேஸி திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, கென்டனிடம் டிரம்ஸ் வாசித்திருந்த மெல் லூயிஸோடு சேர்ந்து, பகலில் வானொலி, தொலைக்காட்சி, விளம்பரம் என்று கூலிக்கு வாசித்துக் களைத்திருந்த நண்பர்களைக் கூட்டினார். வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலக்கீழ் விடுதி திங்கட்கிழமைகளில் வெறிச்சோடிக் கிடக்கும். வாத்தியக்காரருக்கும் அன்று வேலை குறைவு. 1966 பெப்ரவரி 7ஆம் திகதி, ஒரு திங்கள் இரவு, அந்தக் குழு முதன்முதலில் அங்கே வாசித்தது. ஜோன்ஸ் 1970களின் இறுதியில் டென்மார்க் போனார். 1990இல் லூயிஸ் இறந்தார். குழுவின் பெயர் வான்கார்ட் ஜாஸ் ஓர்கெஸ்ட்ரா என்று மாறியது. கதிரைகளில் இருந்தவர்கள் எல்லோரும் மாறினார்கள். திங்கள் இரவு மாறவில்லை.

நான் முக்கியமாக நினைப்பது இந்தக் கடைசி விவரத்தைத்தான். பேஸி வேண்டாமென்ற ஒரு கட்டுத் தாள், யாருக்கும் வேண்டாத ஒரு கிழமை, சம்பளத்தை எதிர்பாராத 17 பேர்: இவை மூன்றும் சேர்ந்தால் ஒரு மரபு நிற்கிறது. எந்த ஊரில் எந்தப் பெயரில் இருந்தாலும் உள்ளூர் பிக் பாண்ட் என்பது இந்த மூன்றின் சேர்க்கையே.

தாள் இருந்தால் போதுமே, எங்கும் வாசிக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜாஸில் அரை அடி நீளமுள்ள இரண்டு சுரங்கள் தாளில் சமமாகவே எழுதப்படும். வாசிக்கும்போது சமமாக வராது. ஓர் அடியை ‘தகிட’ என்று மூன்றாகப் பிரித்து, முதலிரண்டையும் ஒன்றாக்கி நீட்டி, மூன்றாவதைக் குறுக்கி ஊதுவது ஏறத்தாழ அதன் அளவு. வேகம் கூடக்கூட அந்த ஏற்றத்தாழ்வு தேய்ந்து சமத்தை நெருங்கும். எங்கே எவ்வளவு என்பதை எந்தக் குறியீடும் சொல்லாது. நம் சங்கீதத்தில் கேள்வி ஞானம் என்கிறோமே, அதே பொருளில் இது கேள்வி ஞானம். ஒரு சுரத்தை எப்போது விடுவது, எங்கே மூச்சு எடுப்பது, எங்கே சற்றுப் பின்தங்கி வருவது என்பவற்றை முதல் ட்ரம்பெட்காரர் தீர்மானிக்கிறார். மற்ற மூவரும் அவர் தோள் அசைவைப் பார்த்தே பழகிக்கொள்கிறார்கள். முதல் ஆல்ட்டோ சாக்ஸபோன்காரர் தம் வரிசையில் அதையே செய்கிறார். டிரம்ஸ்காரர், ஊதுகருவிகள் விழப்போகும் இடத்துக்கு ஓர் அடி முன்பே அதற்கான வாசலைத் திறந்து வைக்கிறார். இதெல்லாம் பக்கத்துக் கதிரையிலிருந்து பக்கத்துக் கதிரைக்குக் கைமாறும் அறிவு. தாளில் பாதியும் கதிரையில் பாதியுமாக இருப்பதால், ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தால் தாள் இருந்தும் பயனில்லாமல் போய்விடும்.

கொழும்பில் அப்படிப்பட்ட இடைவெளிகள் ஒன்றல்ல, பல விழுந்தன.

தொடக்கம் வளமாகவே இருந்தது. 1925 டிசம்பரிலேயே வானொலி ஒலிபரப்பு தொடங்கிய நகரம் இது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களும் கடற்கரையோர ஹோட்டல்களும் நடன இசைக்கு நிரந்தரமான சந்தையாக இருந்தன. ஷாங்காயிலும் பம்பாயிலும் பெயர் பெற்ற அமெரிக்கக் கறுப்பினப் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட், 1945இல் கல்கத்தாவில் கொலராவில் இறப்பதற்கு முந்திய ஆண்டுகளில் இலங்கையிலும் குழு நடத்தி வாசித்திருக்கிறார். உலகப்போரின்போது நேச நாட்டுத் துருப்புகளுக்காக இங்கிருந்து ஒலிபரப்பிய நிலையம், 1949இல் உருவான ரேடியோ சிலோனுக்கு வலுவான பரப்பிகளை விட்டுச்சென்றது. வாசிப்பவர்களில் ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர் மிகுதி. குடும்பமாகவே வாத்தியம் பழகிய வீடுகள் அவர்களிடையே இருந்தன.

அந்தச் சூழலின் உயரத்தைக் காட்ட ஒரே ஒருவர் போதும். கொழும்பில் பிறந்த யோலண்ட் பாவன், 1962இல் நியூயோர்க்கின் லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ், ரோஸ் மூவர் குழுவில் ஆனி ரோஸ் விலகிய இடத்துக்குப் பாடப் போனார். அந்த மூவர் குழு எதற்காகப் புகழ்பெற்றது என்பதைக் கவனிக்க வேண்டும்: கவுன்ட் பேஸி குழுவின் ட்ரம்பெட், சாக்ஸபோன் பாகங்களுக்குச் சொற்கள் எழுதி, ஒரு முழு பிக் பாண்டை மனிதக் குரலால் பாடியதற்காக. அதாவது, அமெரிக்கப் பெருங்குழு மரபின் மிகக் கடினமான ஊதுபாகங்கள் இரண்டாண்டு காலம் ஒரு கொழும்புப் பெண்ணின் தொண்டையில் இருந்தன. நியூபோர்ட் விழாவில் 1963இல் அவர்கள் பாடியது இசைத்தட்டாகவும் கிடைக்கிறது. அந்த ஆண்டுதான் எலிங்டன் இங்கே வந்தார். ஆட்கள் இரண்டு திசையிலும் பயணம் செய்திருக்கிறார்கள். தாள்கள் மட்டும் இங்கே தங்கவில்லை.

கதிரைகள் காலியானது இப்படித்தான். 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்துக்குப் பிறகு பறங்கியக் குடும்பங்கள் பெருந்தொகையாக ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டன. மெல்பேர்னுக்குப் போன கப்பல்களில் எத்தனை சாக்ஸபோன் பெட்டிகள் போயின என்று யாரும் எண்ணிவைக்கவில்லை. 1983க்குப் பிறகு தமிழர்கள் போனார்கள். போர்க்காலத்தில் ஊரடங்கும் சோதனைச் சாவடிகளும் இரவு வாழ்க்கையைச் சுருக்கின. 1997இல் கோட்டைப் பகுதியில் உலக வர்த்தக மையத்தையும் அதையொட்டிய ஹோட்டல்களையும் தாக்கிய குண்டு, 2019 உயிர்த்த ஞாயிறன்று மூன்று பெரிய ஹோட்டல்களில் வெடித்த குண்டுகள், அடுத்த ஆண்டில் வந்த பெருந்தொற்று ஆகிய ஒவ்வொன்றும் வாத்தியக்காரரின் ஒரே முதலாளியான ஹோட்டலைத்தான் முதலில் மூடவைத்தன. மூடிய ஹோட்டல் திரும்பத் திறக்கும்போது 17 பேரை அழைப்பதில்லை. ஒரு கீபோர்டையும் ஒரு பாடகியையும் அழைக்கிறது. 2022இல் ரூபாய் சரிந்தபோது ஒரு சாக்ஸபோனின் விலை என்னவாயிற்று என்பதை வாங்க முயன்றவர்கள் அறிவார்கள். கடற்காற்றில் அதன் தோல் அடைப்புகள் ஊறிக் கெடுவதும், உதிரிக்கும் நாணற்பட்டைக்கும் வெளிநாட்டில் இருக்கும் உறவினரை நம்பியிருப்பதும் வேறு கதை.

ஐரோப்பாவில் இதே சரிவை வானொலிகள் தடுத்தன. டென்மார்க்கின் அரச வானொலி 1964இல் தனக்கென ஒரு பிக் பாண்டை அமைத்தது. தாட் ஜோன்ஸ் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். கொலோனில் ஜெர்மன் வானொலி ஒன்று இன்றும் அப்படியொரு குழுவைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது. ஆசியாவின் மூத்த வானொலிகளில் ஒன்றைக் கையில் வைத்திருந்த நாம் இதில் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டோம் என்றே நினைக்கிறேன். வானொலியின் வர்த்தக சேவை நட்சத்திரங்களை உருவாக்கியது. அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரல் கடல் கடந்தும் ஒலித்தது. ஆனால் பாட்டை அறிவிப்பதிலிருந்த நிரந்தரம் பாட்டை வாசிப்பதில் இருக்கவில்லை.

அப்படியென்றால் இங்கே எதுவுமே மிஞ்சவில்லையா? மிஞ்சியிருக்கிறது, ஆனால் வேறு வேறு அறைகளில். முப்படைகளிடமும் பொலிஸாரிடமும் மேலைத்தேயக் குறியீட்டைப் பார்த்தவுடன் வாசிக்கும் வாத்தியக் குழுக்கள் இருக்கின்றன. 1958இல் தொடங்கிய இலங்கை சிம்பொனி இசைக்குழு இருக்கிறது. பாடசாலைகளில் பாண்ட் வாத்தியம் இருக்கிறது. கிரிக்கெட் மைதானங்களில் பப்பரே ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தாளைப் பார்ப்பதில்லை, ஆனால் கேட்டதை உடனே ஊதுவார்கள். பைலாவின் 6/8 நடை இந்த நகரத்தில் யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த நடையின் மும்மைப் பிரிவுதான் ஜாஸின் ஏற்றத்தாழ்வுக்கும் அடித்தளம் என்பதால், கொழும்பு டிரம்ஸ்காரர் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள ஒப்பீட்டளவில் எளிது. தமிழர் பக்கத்தில் 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசையைக் கட்டியெழுப்பியபோது அந்த நடையைத் தயக்கமின்றி எடுத்தாண்டார்கள். யாழ்ப்பாணத்தின் தவில் மரபோ, ஒருவர் வைத்த கணக்கை மற்றவர் எடுத்து வளர்த்துத் திருப்பிக் கொடுக்கும் மேளச்சமாவைக் கொண்டது. இரவு விடிய நடக்கும் அந்தச் சமாவை அறிந்த ஒருவருக்கு இரண்டு டெனர் சாக்ஸபோன்கள் மாறி மாறித் தனி வாசிப்பதன் சுவையை விளக்க வேண்டியதில்லை.

வாசிக்கத் தெரிந்தவர் ஓரிடத்தில், கேட்டு ஊதத் தெரிந்தவர் வேறிடத்தில், தாள நுட்பம் தெரிந்தவர் மூன்றாவது இடத்தில் என்று பிரிந்து கிடப்பதுதான் நம் நிலைமை. இவர்களை ஒரே அறைக்குள் கொண்டுவர வாரத்தில் ஒரு குறித்த இரவும் ஒரு கட்டுத் தாளும் வேண்டும். இங்கே ஒரு பிக் பாண்டைக் கூட்டுகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, 1940களின் நடனப் பாட்டுகள் நான்கைந்தை மட்டும் வாசித்து நத்தார் காலத்தோடு நிறுத்திவிடுவது. அவை இனிமையானவை, கூட்டமும் கைதட்டும். ஆனால் அவற்றில் வாத்தியக்காரர் வளர இடமில்லை, ஆகவே இரண்டாவது ஆண்டு அவர் வரமாட்டார். கடினமான நவீனத் தாள்கள், அதாவது தாட் ஜோன்ஸும், அவருக்குப் பின்வந்த அமெரிக்க இசையமைப்பாளர்களான பொப் புரூக்மையரும் மரியா ஷ்னைடரும் எழுதிய வகையினவை, மேடைக்காக மட்டும் உள்ளவை அல்ல. ஒத்திகைக்குத் திரும்பி வருவதற்கான காரணமே அவைதான்.

அதற்கும் அடுத்த படி, உள்ளூரிலேயே எழுதுவது. ஜப்பானியப் பியானோ கலைஞர் தோஷிகோ அக்கியோஷி 1973இல் லொஸ் ஏஞ்சலிஸில் தம் குழுவைத் தொடங்கி, அடுத்த ஆண்டு வெளியான முதல் இசைத்தட்டிலேயே ஜப்பானிய நோ நாடகத்தின் த்ஸுசுமி முழவை ஊதுகருவிகளுக்கு நடுவில் வைத்தார். அது அலங்காரமாகத் தோன்றாததற்குக் காரணம், மற்றப் 16 பாகங்களையும் அந்த முழவின் இடைவெளிகளை மனத்தில் வைத்தே எழுதியிருந்தது. நம்மூரில் ‘கலவை இசை’ என்று மேடையேறுவனவற்றில் பல, தவிலை ஓர் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் வழமைபோல வாசிப்பதாகவே இருக்கின்றன.

கொழும்பில் எழுதப்போகும் அரேஞ்சர் ஒருவர் சந்திக்கும் முதல் கேள்வி அத்தனை பெரியதல்ல. ஒரே சுரத்தைத் தாளில் எழுதினாலும் அது ட்ரம்பெட்டில் ஒரு சுருதியிலும் ஆல்ட்டோ சாக்ஸபோனில் வேறொரு சுருதியிலும் ஒலிக்கும். ட்ரொம்போனிலோ எழுதியதே ஒலிக்கும். இந்தக் கணக்கைக் கணினி செய்துவிடும். கணினி செய்யாதது, நான்கு ட்ரொம்போன்காரர்களைக் கண்டுபிடிப்பது. நம் பாடசாலை பாண்டுகளில் ட்ரொம்போனைவிட யூபோனியம் எளிதில் கிடைக்கும். அதன் ஒலி வட்டமானது, ட்ரொம்போனின் விளிம்பு அதற்கில்லை. ஆனால் சுர எல்லை ஏறத்தாழ ஒன்றே. குறைக்கு ஈடாக அதை உள்ளே விட்டுவிட்டு வெட்கப்பட வேண்டியதில்லை. கென்டனே 1960 முதல் 1963 வரை ட்ரம்பெட்டுக்கும் ட்ரொம்போனுக்கும் நடுவிலிருந்த வெளியை நிரப்ப மெல்லோபோனியம் என்ற கருவியை நான்கு பேரிடம் கொடுத்து, அதற்கென்றே தனியாக எழுதவைத்தார். மூன்றாவது, நான்காவது கதிரைகளுக்கான தாளின் தலைப்பில் ட்ரொம்போன் என்பதை அடித்துவிட்டு யூபோனியம் என்று எழுதி, அந்தக் கருவிக்கு எந்தச் சுரம் நன்றாகப் பேசும் என்று கேட்டு அதற்கேற்பச் சுரக்கூட்டை மேலிருந்து கீழாக மறுபடி அடுக்குகிற அன்று, அந்தத் தாள் வேறெந்த ஊரிலும் வாங்கக் கிடைக்காத ஒன்றாகிவிடும்.